வண்டலூர் தாண்டி வீடு: வங்கிக் கணக்கும் நம் கணக்கும்

கூடுவாஞ்சேரியில் 48 லட்சத்துக்குப் புது ஃபிளாட். “இருபது பர்சென்ட் நீங்க போடுங்க சார், மிச்சத்தை பேங்க் பாத்துக்கும்” என்பார் விற்பனைக்கு நிற்கும் பையன். இருபது பர்சென்ட் என்றால் 9,60,000. அந்தப் பணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்தவர்தான் மூன்றாவது மாதம் நகைக்கடன் கவுன்டரில் டோக்கன் வாங்கி நிற்கிறார். உண்மையில் தேவைப்படுவது ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு. பையன் பொய் சொல்லவில்லை. வங்கி போடும் இருபது பர்சென்ட் வேறு, நாம் போடும் இருபது பர்சென்ட் வேறு.

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று மின்சார ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஊர் நீண்டுகொண்டே போகிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. இரண்டுக்கும் ஒவ்வொரு முறை மனை விலை ஏறியது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரும் என்ற பேச்சுக்கே இன்னொரு முறை ஏறியது. விளம்பரத் தாளில் மெட்ரோ ஓடலாம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அதற்கு ஒரு ரூபாய்கூடப் போடமாட்டார். பக்கத்தில் அண்மையில் பதிவான பத்திரங்கள், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, கட்டடத்தின் நிலை, சாலை அகலம் இவற்றைப் பார்த்துத்தான் எழுதுவார். வேகமாக வளரும் ஊரில் நாம் பேசி முடிக்கும் விலைக்கும் அவர் எழுதும் விலைக்கும் இடைவெளி இருந்தே தீரும். அந்த இடைவெளி முழுக்க நம் கைக்காசு.

அந்த 48 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். மதிப்பீட்டாளர் 45 லட்சம் என்று எழுதினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதைத்தான் வங்கி எடுக்கும். 45-ல் 80 சதவீதம் 36 லட்சம். ஆக விலையிலேயே 12 லட்சம் நம்முடையது. கட்டி முடிக்காத வீடு என்பதால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி., 2,40,000 (இந்த ஊர்கள் வழியாகப் போகும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலைக்கும் ஜி.எஸ்.டி. என்றுதான் பெயர், ஒன்றில் நெரிசல், மற்றதில் வரி). தமிழ்நாட்டில் அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் கூட்டு மதிப்பு முறை நடப்பில் இருக்கிறது. நிலப் பங்கும் கட்டடமும் சேர்ந்த மொத்த மதிப்பில் 50 லட்சம் வரை முத்திரைத்தாள் 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 48 லட்சத்துக்கு 2,88,000. பிறகு வங்கிக்குப் பத்திரத்தை ஒப்படைப்பதற்கான எம்.ஓ.டி. பதிவு: கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரை, உச்சவரம்பு 30,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 6,000. 36 லட்சத்துக்கு 24,000.

கூட்டினால் 17,52,000. வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்துக்கும் மதிப்பீட்டுக்கும் கொடுப்பது, மின் இணைப்பு, பராமரிப்பு டெபாசிட், ஜன்னல் கிரில், சமையலறை அலமாரி எல்லாம் இதற்கு வெளியே. ஜி.எஸ்.டி.யை வீட்டு விலையோடு சேர்த்துக் கணக்கிடும் வங்கிகள் சில உண்டு. சேர்க்காதவையும் உண்டு. அதனால் இதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். முத்திரைத்தாளையும் பதிவுக் கட்டணத்தையும் சேர்க்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டாவிட்டால் மட்டும் விலக்கு. அந்த விலைக்கு இந்தப் பக்கம் என்ன கிடைக்கும் என்பது வேறு கதை.

80 சதவீதமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. கடன் 30 லட்சம் வரை இருந்தால் மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80. அதற்கும் மேல் 75. இந்தப் படிக்கட்டில் கால் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. வீட்டின் மதிப்பு 33.3 லட்சம் முதல் 37.5 லட்சம் வரை எதுவாக இருந்தாலும் கிடைக்கும் அதிகபட்சக் கடன் 30 லட்சம்தான். 34 லட்சத்து வீட்டை விட்டுவிட்டு 37 லட்சத்து வீட்டுக்கு மாறினால் கூடுதல் 3 லட்சமும் முழுதாக உங்கள் பையிலிருந்து போகும். ஜி.எஸ்.டி.யிலும் இப்படி ஒரு விளிம்பு உண்டு. 45 லட்சம் வரை விலையும், பெருநகர எல்லைக்குள் 60 சதுர மீட்டர், மற்ற இடங்களில் 90 சதுர மீட்டர் வரை கார்ப்பெட் பரப்பும் (சுவர்களுக்குள் புழங்கும் இடம்) உள்ள வீட்டுக்கு வரி 1 சதவீதம். கார் நிறுத்தம், கிளப் ஹவுஸ் என்று சேர்த்து 46 லட்சம் ஆகிவிட்டால் 5 சதவீதம். 45,000 கட்ட வேண்டிய இடத்தில் 2,30,000. நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு இந்த வரியே இல்லை.

“பத்திரத்தில் குறைத்துக் காட்டுவோம், மிச்சத்தை ரொக்கமாகக் கொடுங்க” என்று பழைய வீடு விற்பவர் கேட்டால், ஒழுக்கத்தை விடுங்கள், கணக்கே ஒத்துவராது. பத்திரத்தில் குறைந்த தொகைக்குத்தான் கடன். அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரலாம் என்பதை விற்பவருக்கு நினைவூட்டினால் அவரே யோசிப்பார். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவரின் வேலை. இதை மறந்து விற்பவருக்கு முழுத் தொகையும் கொடுத்துவிட்டால் அந்தப் பணமும் நம் கையிலிருந்துதான் போகும்.

இனி காகிதம். இந்தப் பட்டையில் கடன் நின்றுபோவது சம்பளத்தால் குறைவு, மூலப் பத்திரத்தால் அதிகம். முப்பது வருஷத்துக்கு முன்பு இது வயலும் ஏரிப் பாசனமும். நான்கு தலைமுறைக் குடும்பச் சொத்து, பவர் (நிலத்தை விற்க உரிமையாளர் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கிய தரகர், பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட மனைப்பிரிவு எல்லாம் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடலாம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை. இடமும் காலமும் பொறுத்து சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண் வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவதற்கு 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தடை போட்ட பிறகு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்கு அதில் வழி தரப்பட்டது. அப்படி வரன்முறைப்படுத்திய மனை என்றால் மனைப்பிரிவுக்கான ஆணை மட்டும் போதாது, அந்தத் தனி மனைக்கான ஆணையும் கட்டணம் கட்டிய ரசீதும் கையில் இருக்கவேண்டும். “எல்லாத்துக்கும் சேர்த்து வாங்கியாச்சு” என்பது ஆணை ஆகாது.

சொத்தின் மேல் பதிவான பத்திரம், கடன் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றை பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பெரும்பாலோர் ஆவண எண்ணைக் கொடுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். சர்வே எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு. இன்று 112/3ஏ1 என்று இருப்பது இருபது வருஷத்துக்கு முன் வெறும் 112/3 ஆக இருந்திருக்கும். புது உட்பிரிவுக்கு மட்டும் வில்லங்கம் போட்டால் ஒரு பதிவும் இல்லாமல் வெள்ளையாக வரும். தாய் எண்ணுக்குப் போட்டால் ஒரு பாகப்பிரிவினை, ஒரு பவர், ரத்தான ஒரு கிரைய ஒப்பந்தம் என்று வரிசையாக வரும். சார்பதிவக எல்லை பிரிந்த இடங்களில் பழைய ஆண்டுகளுக்குத் தாய் அலுவலகத்திலும் கேட்கவேண்டும். பார்க்கும்போது எம்.ஓ.டி. பதிவு எதுவும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதற்குப் பின்னால் கடன் தீர்ந்தது என்று அதே வங்கி எழுதிக் கொடுத்த ரசீது பத்திரம் இருக்கவேண்டும். விற்பவர் கடனைக் கட்டி எட்டு வருஷம் ஆகியிருக்கும், பத்திரமும் அவர் பீரோவில் இருக்கும். ஆனால் ரசீது பதியாததால் வில்லங்கத்தில் கடன் உயிரோடு நிற்கும். உங்கள் வங்கியின் வக்கீல் அதைப் பார்த்ததும் கோப்பை மூடி வைத்துவிடுவார். அந்தப் பழைய வங்கிக் கிளை இடம் மாறியிருந்தால், வேறு வங்கியோடு இணைந்திருந்தால், ரசீது வாங்க ஒரு மாதம் ஓடும்.

பவர் வழியாக வரும் பத்திரத்தில் பவர் கொடுத்தவர் பத்திரம் எழுதிய நாளில் உயிரோடு இருந்தாரா என்பதே முதல் கேள்வி. அவர் இறந்த கணத்தில் சாதாரண பவர் செத்துவிடும். குடும்பச் சொத்தில் மகள்களின் கையெழுத்து இருக்கிறதா என்பது இரண்டாவது. வாரிசுச் சான்றில் ஐந்து பெயரும் பத்திரத்தில் மூன்று பெயரும் என்றால், மீதி இரண்டு பேரிடமிருந்து, தங்கள் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரம் வாங்கித் தரும்வரை அட்வான்ஸைத் தள்ளிப்போடுங்கள்.

செங்கல்பட்டு மண்ணுக்கே உரிய இன்னொன்று பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892-ல் பட்டியல் சாதியினருக்கு நிபந்தனையோடு நிலம் ஒதுக்கப்பட்டது. பிற சமூகத்தாருக்கு அதை விற்றது செல்லாது. இன்றைய ஆன்லைன் பட்டாவில் அது வேறு யார் பெயரிலாவது இயல்பாகக் கிடக்கலாம். எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டையும், சந்தேகம் வந்தால் அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் பார்க்கவேண்டும். கோவில் நிலம், மேய்க்கால், ஏரி உள்வாய் எல்லாமும் அதே பதிவேட்டில்தான் பிடிபடும். கிராம நத்தம் (ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம்) என்றால் சில வங்கிகள் கடன் தரும், சில தொடாது. தரும் வங்கி எது என்று தெரிந்த பிறகு மனையைப் பார்க்கப் போவது நல்லது.

வக்கீலும் மதிப்பீட்டாளரும் பார்க்காத ஒன்று, தண்ணீர். அடையாறு பிறப்பதே ஆதனூர் பக்கத்து ஏரிகளில். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் என்ன ஆயின என்பதை எல்லோரும் பார்த்தோம். வங்கியின் கோப்பில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. வீட்டை ஏப்ரலில் பார்த்திருந்தால் நவம்பரில் ஒரு முறை போய்ப் பாருங்கள். அதுவரை பொறுக்க முடியாதென்றால் தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள். சுவரில் எந்த உயரம் வரை என்று கையை வைத்தே காட்டுவார்கள்.

சின்ன பில்டர்கள் கட்டும் அடுக்குமாடிகள் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ இருந்தால் ரெரா (கட்டட, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு தேவை. இரண்டு கிரவுண்ட் என்பது 4,800 சதுர அடி, அதாவது 446 சதுர மீட்டர். அதில் எட்டு வீடு கட்டினால் ரெரா வரம்புக்குள் வராது. ஊரப்பாக்கம் உள்தெருக்களில் ‘இரண்டு கிரவுண்ட், எட்டு ஃபிளாட்’ ஏன் இத்தனை என்று யோசித்திருந்தால் இதுவும் ஒரு காரணம். சட்டப்படி சரிதான். ஆனால் ரெராவில் உள்ள பாதுகாப்பு எதுவும் அங்கே கிடையாது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது, வசூலில் 70 சதவீதம் தனிக் கணக்கில் கிடக்கவேண்டும், தாமதமானால் வட்டி தரவேண்டும் என்பவை பெரிய திட்டங்களில் வாங்குபவருக்கு உள்ள கவசம். எட்டு வீட்டுக் கட்டடத்தில் அவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு.

அதே கட்டடத்தில் பிரிக்கப்படாத பாகத்தை, அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதித் தரும் நிலப் பங்கை, கூட்டிப் பாருங்கள். 4,800-ஐ ஒரே அளவுள்ள எட்டு வீட்டுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 600 சதுர அடி வரவேண்டும். உங்கள் வரைவுப் பத்திரத்தில் 380 என்று இருந்தால் எல்லோருக்கும் சேர்த்து 3,040. மீதி 1,760 யாரிடம்? பில்டர் கையில், அடுத்த மாடி கட்டும் ஆசையோடு. அந்த மாடிக்கு வரைபடத்தில் அனுமதி இருக்காது. பிறகு ஒருநாள் நீங்கள் விற்கப்போகும்போது வாங்குபவரின் மதிப்பீட்டாளர் ‘அனுமதிக்கு மாறான கட்டுமானம்’ என்று எழுதுவார். கடன் நிற்கும். பெரிய திட்டங்களில் வேறு சிக்கல். மொத்த நிலத்தையும் பில்டர் ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் அடகு வைத்திருப்பார். உங்கள் வீட்டு எண்ணைக் குறிப்பிட்டு அந்த நிறுவனம் தரும் விடுவிப்புக் கடிதம் பதிவுக்கு முன் வரவேண்டும்.

இத்தனைக்கும் ஒரே காப்பு, அட்வான்ஸ் ஒப்பந்தத்தில் ஒரு வரி: “சொத்தின் ஆவணக் குறைபாட்டினால் வங்கிக் கடன் மறுக்கப்படுமானால், பெற்ற முன்பணம் முழுவதையும் 15 நாட்களுக்குள் விற்பவர் திருப்பித் தருவார்.” இந்த வரியைப் போட மறுப்பவருக்குத் தன் பத்திரத்தைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும் என்று பொருள். டோக்கன் தொகையை 50,000-க்கு மேல் போகவிடாமல், முதலில் பத்திர நகல்களை வாங்கி வங்கியின் வக்கீலிடமே கருத்துக் கேட்பது நல்லது. வெளி வக்கீலுக்கு ஒரு முறையும் வங்கி வக்கீலுக்கு ஒரு முறையும் செலவழிக்கலாம், அது வீண் அல்ல. வங்கி வக்கீல் வங்கியின் பணத்துக்குக் காவல். அவர் சரி என்றாலே எல்லாம் சரி என்று இருந்துவிடக்கூடாது.

சம்பளப் பக்கம் எளிது. கைக்கு வரும் சம்பளத்தில் பாதி, கூடினால் அறுபது சதவீதம் வரை எல்லாத் தவணைகளும் சேர்ந்து போகலாம் என்று வங்கி கணக்கிடும். 75,000 வாங்குபவருக்கு 37,500. 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் லட்சத்துக்குத் தவணை 868 ரூபாய். ஏற்கெனவே பைக்குக்கு மாதம் 4,500 கட்டுகிறீர்கள் என்றால் கடன் தகுதியில் 5,18,000 குறையும். மீதி 40,000 பாக்கியுள்ள பைக் கடனை விண்ணப்பத்துக்கு முன் அடைத்துவிட்டால் ஐந்து லட்சம் கூடக் கிடைக்கும். மறைமலை நகர், ஒரகடம் ஆலைகளில் ஒப்பந்த நிறுவனம் வழியாகச் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் சிரமம். சம்பளம் ஒழுங்காக வந்தாலும் ‘நிரந்தரம் இல்லை’ என்று வங்கி தயங்கும். அவர்களை வீட்டுக் கடன் நிறுவனங்கள் இழுத்துக்கொள்ளும், மூன்று நான்கு சதவீதம் கூடுதல் வட்டிக்கு. இரண்டு வருஷம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, தவணை தவறாத பெயர் எடுத்துவிட்டு வங்கிக்குப் போனால் அந்த வித்தியாசம் மிச்சம். கிரெடிட் கார்டு பாக்கியைப் பேசிக் குறைத்து முடித்திருந்தால் கிரெடிட் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று நிற்கும். 780 கிரெடிட் ஸ்கோரைவிட அந்த ஒரு சொல் பலமானது.

வட்டி. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி), கட்டப்பட்டிருக்கிறது. ரெப்போ 2025 பிப்ரவரியில் 6.5-லிருந்து 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.5 என்று இறங்கியபோது இந்தக் கடன்களும் மூன்று மாதத்துக்குள் இறங்கின. வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தங்கள் சொந்த அளவுகோலில்தான் ஓடுகின்றன. ஏறும்போது லிஃப்ட், இறங்கும்போது படிக்கட்டு.

ஏறும்போது நடப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். 40 லட்சம், 8.5 சதவீதம், 20 ஆண்டு. தவணை 34,713. முதல் தவணையில் வட்டி 28,333, அசலுக்குப் போவது 6,380 மட்டும். கடன் வாங்கிய கொஞ்ச நாளில் வட்டி 9.5 ஆகிறது. வங்கி தவணையைத் தொடவில்லை, அதே 34,713. நமக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் 240 மாதம் 309 மாதம் ஆகிவிட்டது. தவணையை 37,285 ஆக்கியிருந்தால் 20 ஆண்டு அப்படியே இருந்திருக்கும். மாதம் 2,572 ரூபாய்க்குப் பயந்து கிட்டத்தட்ட ஆறு வருஷம் கூடுதலாகக் கட்டுகிறோம். 2022 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ பத்து மாதத்துக்குள் 6.5 ஆனபோது ஆயிரக்கணக்கான வீடுகளில் சத்தமில்லாமல் நடந்தது இதுதான். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று கடன் வாங்கியவரைக் கேட்கவேண்டும். கேட்டு வரும் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள்.

மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டத் தனிநபருக்கு அபராதம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே மேலே சொன்ன கடனில் மூன்று ஆண்டுக்கு மேல் குறையும். கட்டும்போது “தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்” என்று எழுதிக் கொடுக்கவேண்டும். சொல்லாவிட்டால் கிளைக்கு எது வசதியோ அது நடக்கும்.

கையெழுத்துப் போடும் முன் வங்கி தரவேண்டிய முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் கட்டாயம். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த எண் ஒன்றே போதும். அதில் காப்பீடு ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ‘லோனோடு சேர்ந்தது’ என்று 1,20,000 ரூபாய் ஒற்றைப் பிரீமியத்தைக் கடனிலேயே ஏற்றிவிடுவார்கள். 8.5 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு அது மாதம் 1,041, மொத்தம் ஏறக்குறைய இரண்டரை லட்சம். கடன் இருக்கும் வீட்டில் ஆயுள் காப்பீடு அவசியம்தான். வெளியே தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்தால் மலிவு, கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் கூடவே வரும்.

மனை வாங்கி வீடு கட்டுபவர்களுக்கு வரும் இடி வேறு. வங்கி வேலை முடிந்த பிறகு பணம் தரும். மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ வேலை தொடங்கப் பணம் கேட்பார். பேஸ்மென்ட் முடிந்ததும் ஒரு பங்கு, லிண்டல் மட்டம் வந்ததும் ஒன்று, ரூஃப் கான்கிரீட்டுக்கு ஒன்று, பூச்சுக்கு ஒன்று, கடைசி வேலைக்கு ஒன்று என்று வங்கி பிரித்து வைத்திருக்கும். உங்கள் பங்கை முதலில் செலவழித்த பிறகே முதல் தவணையை விடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ஜினீயர் வந்து பார்த்து, படம் எடுத்து, அறிக்கை கொடுத்துப் பணம் வர ஒரு வாரம் பத்து நாள். அந்தப் பத்து நாளில் சென்ட்ரிங் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஒப்பந்தக்காரரோடு எழுதும் தாளில் பணம் கொடுக்கும் கட்டங்களை வங்கியின் கட்டங்களோடு ஒன்றாக்கிவிடுங்கள். அப்போதும் ஒரு கட்டத்துச் செலவு கையில் தனியாக இருக்கவேண்டும். சதுர அடி 2,500 என்று பேசியிருப்பீர்கள், வங்கி என்ஜினீயர் 2,100 என்றுதான் எடுப்பார். ஆயிரம் சதுர அடிக்கு அதிலேயே 4 லட்சம் துண்டு விழும். போர்வெல், சம்ப், காம்பவுண்டு சுவர் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கிலேயே வராது.

2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. வேகமாகக் கிடைக்கிறது என்பதற்காக வரைபடத்தை அலட்சியமாகப் போடாதீர்கள். பக்கவாட்டில் விடவேண்டிய இடத்தில் மாடிப்படியை இழுத்துவிட்டால் மூன்றாவது தவணையில் என்ஜினீயர் நிறுத்துவார். அப்போது பாதி வீடு நிற்கும்.

கட்டி முடியாத ஃபிளாட்டில், கொடுத்த தொகைக்கு மட்டும் வட்டி கட்டும் முன்தவணை ஓடும். 18 லட்சம் போயிருந்தால் மாதம் 12,750. கூடவே குரோம்பேட்டையில் இருக்கும் வீட்டுக்கு வாடகை. சாவி ஒரு வருஷம் தள்ளிப்போனால் 1,53,000 அசலில் ஒரு ரூபாய் குறையாமல் கரையும். வரிச் சலுகையை நம்பி இதைச் சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டாம். புதிய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக்கான வட்டிக் கழிவு கிடையாது. பழைய முறையில்தான் 2 லட்சம் வரை. வருமானம் ஆண்டுக்கு 9 லட்சத்துக்குள், குடும்பத்தில் யாருக்கும் வீடு இல்லை, வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் என்றால் பிரதமர் ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0-ல் வட்டி மானியம் இருக்கிறது. அதிகபட்சம் 1,80,000, ஐந்து ஆண்டுத் தவணையாக.

விற்பவருக்கே கடன் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வீடு என்றால் பயப்பட வேண்டாம். அவர் தன் வங்கியிலிருந்து முடிப்புத் தொகைக் கடிதமும் (நாள் ஒன்றுக்கு வட்டி எவ்வளவு என்பது அதில் இருக்கவேண்டும்), அங்கே உள்ள ஆவணங்களின் பட்டியலும் வாங்கித் தரவேண்டும். உங்கள் வங்கி அந்த வங்கியின் பெயருக்கே வரைவோலை எடுக்கும். விற்பவர் பெயருக்கு எடுக்கக் கூடாது. ஆவணம் வெளியே வந்ததும் ரசீது, கிரையம், உங்கள் எம்.ஓ.டி. மூன்றையும் அடுத்தடுத்துப் பதிந்துவிடலாம். காசோலை உங்கள் கைக்கோ விற்பவர் கைக்கோ வந்த நாளிலிருந்துதான் வட்டி ஓடவேண்டும். காசோலையில் உள்ள தேதியிலிருந்து போட்டிருந்தால் 2024 ஏப்ரல் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைச் சொல்லித் திரும்பக் கேட்கலாம்.

பதிவன்று அசல் பத்திரம் வங்கிக்குப் போய்விடும். போகும் முன் ஒவ்வொரு பக்கமும் ஸ்கேன் எடுத்து, ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலில் வங்கியின் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷம் கழித்துக் கேட்கப்போவது அந்தப் பட்டியலைத்தான். கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரம் கைக்கு வரவேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2023 டிசம்பர் முதல் இருக்கிறது. பத்திரத்தை வாங்கிய கையோடு வங்கி அதிகாரியையும் சார்பதிவகத்துக்கு அழைத்துப்போய் ரசீதைப் பதிந்து, அடுத்த வாரம் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். எம்.ஓ.டி.க்குக் கீழே ரசீது என்ற வரி வந்திருக்கவேண்டும்.